மூக்கால் மோப்பம், மூக்கால் வாழ்க்கை: பீகிள்

கேரளத்தின் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் பக்கம் ஒரு பீகிள் நாயைக் காலையில் வெளியே அழைத்துப் போனால் என்ன நடக்கும் தெரியுமா? பத்தடி நடக்கும், மதில் ஓரம் நின்றுவிடும். மூக்கு மண்ணைத் தொடும், வால் நிமிரும். எத்தனை முறை கூப்பிட்டாலும் காதில் விழாது. அது அடம் இல்லை. நேற்று இரவு அந்த வழியே போன பூனையின் தடத்தை அது மோந்துகொண்டிருக்கிறது.

நம் சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் கண்ணால் பார்த்துத் துரத்துபவை. இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட பீகிளோ மோப்பத்தை நம்பியே ஓடும். நம் மூக்கில் மணம் உணரும் செல்கள் ஏறக்குறைய 50 லட்சம். பீகிளுக்கு 20 கோடிக்கும் மேல்! உள்ளே போகும் காற்று இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு நுரையீரலுக்கு. மறு பங்கு மணம் அறியும் பகுதிக்கு. மூச்சு வெளியேறுவது மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே. அதனால் முன்னால் இருக்கும் வாசனை கலையாது. ஈர மூக்கில் மணத் துகள்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

1984-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில், பயணிகளின் பைகளில் ஒளிந்திருக்கும் பழத்தையும் இறைச்சியையும் கண்டுபிடிக்கும் வேலை பீகிளுக்குக் கிடைத்தது. கேரளக் காவல்துறையின் மோப்ப நாய்ப் படையிலும் பீகிள் உண்டு.

வீட்டில் வளர்க்க என்ன தேவை? வெளியே போனால் கயிறு கட்டாயம். வாசனை பிடித்தால் சாலையைக்கூடப் பார்க்காது. தனியாக விட்டால் நீளமாக ஊளையிடும்; பக்கத்து வீட்டாருக்குத் தூக்கம் போகும். கேரளத்து ஈரக்காற்றில் அதன் தொங்கும் காதுகளில் புண் வரலாம். வாரம் ஒருமுறை காதைத் திறந்து பாருங்கள். சாப்பாட்டு ஆசை அதிகம். அளவு மீறினால் குண்டாகிவிடும். சாக்லேட், வெங்காயம், உலர்திராட்சை எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு சோதனை: மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து, அது பார்க்காதபோது ஒன்றின் அடியில் அவித்த கோழித்துண்டு வையுங்கள். எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று பத்து முறை குறித்துக்கொள்ளுங்கள்.

பீகிளுக்கு நடை என்பது கால்களுக்கு மட்டுமல்ல, மூக்குக்கும்தான். அது நின்று மோக்கும்போது கயிற்றை இழுக்காதீர்கள். கொஞ்ச நேரம் கூடவே நில்லுங்கள்.