கை நீட்டும் கணவர் மாற முடியுமா?

சொந்தக் காணிக்குத் திரும்பிய பின் கிணறு இறைக்க வேண்டும், கூரை போட வேண்டும், தொழில் தேட வேண்டும். சில வீடுகளில் இவற்றோடு இன்னொரு துன்பமும் கூடவே வந்திருக்கிறது: கணவர் மனைவியை அடிப்பது. தொழிலின்மை, கடன், கசிப்பு, யுத்தத்தில் பட்ட வேதனை எல்லாம் அதைக் கூட்டலாம். ஆனால் அவை அடிப்பதற்கு நியாயமாகா. அதே துன்பங்களைப் பட்டும் கை நீட்டாத ஆண்கள் உங்கள் கிராமத்திலேயே இருக்கிறார்கள்.

இப்படியானவரைக் கூப்பிட்டு ஏசி, இனிச் செய்யமாட்டேன் என்று கையெழுத்து வாங்கி அனுப்புவதுதான் ஊர் வழக்கம். அது மட்டும் போதாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ப்ளூமாஸ் என்ற பகுதியில் வேறொரு முறையைக் கையாண்டார்கள். மனைவியரைத் தாக்கிய ஆண்கள் குழுவாக எட்டுத் தடவை, ஏறக்குறைய மூன்று மாதங்களுக்குள் கூடினார்கள். ஏன் அடித்தீர்கள் என்று தோண்டுவதை விட, கோபம் வந்தும் அடிக்காமல் விட்ட நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்பதே அங்கு முக்கியம். ஒருவர் முற்றத்தை விட்டு வெளியே நடந்திருக்கலாம். இன்னொருவர் தமையனிடம் போய்ப் பேசியிருக்கலாம். அடக்கிக்கொள்ளும் ஆற்றல் அவரிடம் ஏற்கெனவே உண்டு என்பதற்கு அந்த நாளே சாட்சி.

பிறகு ஒவ்வொருவரும் தனக்கான இலக்கைத் தானே சொல்ல வேண்டும். “நல்லவனாக இருப்பேன்” என்பது இலக்கு அல்ல. அது வீட்டார் கண்ணால் காணக்கூடியதாக, முன்பு செய்யாததாக இருக்க வேண்டும். உதாரணமாக, பிள்ளைகளைத் தினமும் தானே பாடசாலைக்குக் கூட்டிச் செல்வது. செய்ததை அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும். சாக்குச் சொல்லித் தப்புவது கடினம்.

இது குற்றத்தை மன்னிப்பதல்ல. கணவர் ஆலோசனைக்குப் போகிறார் என்பதற்காக மனைவி தன் பாதுகாப்பைக் கைவிடக் கூடாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்கள் சார்பில் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். ஆலோசனைக்கு அனுப்பவும் நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு. கணவர் முன்னிலையில் பேசப் பயமாக இருந்தால், தனியாகச் சந்திக்கக் கேளுங்கள்.

ஆண்கள் யாரும் அனுப்பும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் உளவள ஆலோசனை உத்தியோகத்தரை நேரே சந்திக்கலாம். பெண்கள் அங்குள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையோ, அரச வைத்தியசாலையில் உள்ள நட்பு நிலையத்தையோ நாடலாம். 1938 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். அடி விழும் வேளையில் 119.