அளவுகோலை யார் அளப்பது?

இன்ச் டேப்பின் நுனியில் இருக்கும் கொக்கியைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். ஆடும். புது டேப் வாங்கும்போது இதைக் கவனிப்பவர்கள், ரிவெட் சரியாக இறுகவில்லை என்று நினைத்து வேறொன்று கேட்பதுண்டு. சிலர் வீட்டுக்கு வந்ததும் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. கொக்கியின் தகடு எவ்வளவு தடிமனோ அவ்வளவு தூரம்தான் அது நகரும். பலகையின் ஓரத்தில் மாட்டி இழுத்தால் கொக்கி வெளியே வரும். பூஜ்ஜியம் அதன் உள்முகத்தில் நிற்கும். ஜன்னல் சட்டத்துக்குள் வைத்து முட்டினால் கொக்கி உள்ளே போகும். பூஜ்ஜியம் வெளிமுகத்துக்கு மாறிவிடும். தட்டி இறுக்கிய டேப், இழுக்கும்போதோ முட்டும்போதோ, ஏதாவது ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும்.

வீட்டு வேலைகளைத் தானே செய்துகொள்ளும் ஆர்வம் உள்ளவர்கள் முதலில் வாங்குவது ட்ரில் மெஷின். அடுத்து ஜிக்சா, ஆங்கிள் கிரைண்டர். அளக்கும் கருவிகள் கடைசியில்தான் வரும், அதுவும் மலிவாக. எனக்கு இந்த வரிசை தலைகீழாகப் படுகிறது. பால்கனியில் போட்ட மேஜைதான் பட்டறை, ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குமேல்தான் சத்தம் போடலாம் என்று வாழும் அடுக்குமாடிக்காரருக்கு ஒரு பலகை வீணானால் அந்த வார வேலையே போச்சு. பலகை வீணாவதற்கு ரம்பத்தைவிட அளவுதான் பெரும்பாலும் காரணம்.

அளவு என்றாலே நம் ஊரில் மூன்று மொழி. ஆசாரி "மூணு அடி நாலு இன்ச் ரெண்டு நூல்" என்பார். எட்டு நூல் ஒரு இன்ச். ஒரு நூல் 3.175 மில்லிமீட்டர். பிளைவுட் கடைக்காரர் நீள அகலத்தை அடியிலும் தடிமனை மில்லிமீட்டரிலும் சொல்வார். லேத் பட்டறையில் மைக்ரான் கணக்கு ஓடும். ஆசாரி சொன்ன அளவை மில்லிமீட்டருக்கு மாற்றினால் 1022.35. இதை 1020 என்று எழுதிக்கொண்டு போனால், அலமாரிக் கதவின் ஓரத்தில் அந்த 2.35 மில்லிமீட்டர் இடைவெளியாக வந்து நிற்கும். ஒரு வேலையைத் தொடங்கினால் முடியும்வரை ஒரே அலகில் இருப்பது நல்லது. அதைவிட நல்லது, ஒரே டேப்பில் இருப்பது.

சென்னைக் கிண்டியில் இருந்துகொண்டு அளவைப் பற்றி எழுதுவதற்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் தெரியும் பரங்கிமலையில்தான் இந்தியாவின் மாபெரும் முக்கோண நிலஅளவைக்கு அடிக்கோடு போடப்பட்டது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் வேலையைத் தொடங்கினார். பரங்கிமலை ஒரு முனை, பெரும்பாக்கம் குன்று மறுமுனை. நடுவில் சுமார் 12 கிலோமீட்டர். கையில் 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி, லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் செய்தது. இரண்டரை அடி நீளக் கம்பிகள் 40 சேர்ந்தது. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோன கருவிகளில் ஒன்றாக இருந்து, அங்கே வேண்டாம் என்று திரும்பி, கடைசியில் லாம்டனிடம் வந்து சேர்ந்தது. அதை ஏறக்குறைய 400 முறை முனைக்கு முனை வைத்து நகர்த்த வேண்டும், அதுவும் சித்திரை வெயிலில்.

வெயில்தான் சிக்கலே. எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் மீட்டருக்கு ஏறக்குறைய 0.012 மில்லிமீட்டர் நீளும். ஒரு சங்கிலிக்குக் கணக்குப் போட்டால் 0.35 மில்லிமீட்டர், பென்சில் கோட்டின் தடிமன்கூட இல்லை. 400 சங்கிலிக்குச் சேர்த்தால் 14 சென்டிமீட்டர். இது ஒரே ஒரு டிகிரிக்கு! காலை ஏழு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் இங்கே எத்தனை டிகிரி வித்தியாசம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் லாம்டன் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, அவற்றை முக்காலிகளின் மேல் ஏற்றி மட்டம் பார்த்து, மேலே கூடாரத் துணியால் நிழல் கொடுத்து, பெட்டிக்குள் வெப்பமானியும் வைத்தார். நீளத்தோடு வெப்பநிலையும் குறிக்கப்பட்டது. சங்கிலி சொல்வதை அப்படியே நம்பாமல், சங்கிலி இப்போது எவ்வளவு நீளம் என்றும் சேர்த்துக் கேட்டார். கன்னியாகுமரி முதல் இமயமலை வரை பின்னால் போன முக்கோணங்களுக்கு அந்தக் கேள்விதான் அடித்தளம்.

லாம்டன் அடிக்கோடு போடுவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1794-ல், மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் சென்னைக் கோட்டைப் பகுதியில் நிலஅளவைப் பள்ளி தொடங்கியிருந்தது. அதுவே வளர்ந்து பொறியியல் கல்லூரியாகி, 1920-ல் கிண்டிக்குக் குடிவந்தது. இன்றைய அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர், அளக்கக் கற்றுக்கொடுத்த ஒரு சின்னப் பள்ளி.

லாம்டனின் வெப்பக்கணக்கு வீட்டு வேலைக்கு எதற்கு என்று கேட்கலாம். பால்கனிக்கு வெளியே மழைச்சாரல் தடுக்கப் போடும் பாலிகார்பனேட் ஷீட்டை எடுத்துக்கொள்வோம். எஃகைவிட ஐந்து மடங்குக்கு மேல் நீளும் பொருள் அது. 2.4 மீட்டர் நீள ஷீட், விடியற்காலை 22 டிகிரியில் இருந்து நேர்வெயிலில் 60 டிகிரிக்குப் போகும்போது கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் நீளும். ஸ்க்ரூவின் தடிமனுக்குச் சரியாகத் துளை போட்டு இறுக்கினால் நீள இடமில்லாமல் ஷீட் உப்பும். பிறகு ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் நட்சத்திரம்போல் விரிசல் விழும். துளையைச் சில மில்லிமீட்டர் பெரிதாகப் போட்டு, அகலமான ரப்பர் வாஷர் வைத்து, மிதமாக இறுக்க வேண்டும். மொட்டைமாடி வெயிலில் ஆறு மீட்டர் ஓடும் பிவிசி குழாயும் அப்படித்தான். முப்பது டிகிரி ஏற்றத்தில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் நீளும். கிளாம்பு இறுக்கிப் பிடித்தால் குழாய் வளையும், இல்லை ஒட்டு விடும். மரத்துக்கோ வெயிலைவிட ஈரம்தான் பெரிது. நாரின் நீளவாக்கில் மரம் அநேகமாக அசையாது, குறுக்கே பருக்கும். ஐப்பசி மழையில் இறுகும் கதவை அப்போதே இழைத்துவிடக் கூடாது என்பது இதனால்தான். எந்த மாதம் அளந்தோம் என்பதும் அளவில் சேர்த்தி.

இப்போது தலைப்பின் கேள்விக்கு வருகிறேன். கையில் இருக்கும் கருவி சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னும் துல்லியமான கருவியோடு ஒப்பிடுவது ஒரு வழி. அது வீட்டில் இருக்காது. ஆனால் ஒரு கருவியை அதையே வைத்துச் சோதிக்க முடியும். கைவேலைக்காரர் கற்றுக்கொள்ளும் வித்தைகளில் இதைவிட அழகானது எனக்குத் தெரியவில்லை.

ரசமட்டத்தை ஒரு அலமாரித் தட்டின் மேல் வையுங்கள். குமிழி சற்று வலது பக்கம் நிற்கிறது. தட்டு சாய்ந்திருக்கிறதா, ரசமட்டம் கோணலா? அதே இடத்தில் வலது முனை இடது பக்கம் வரும்படித் திருப்பி வையுங்கள். குமிழி இப்போதும் உங்களுக்கு வலது பக்கமே அதே அளவு நின்றால் ரசமட்டம் நேர்மையானது, தட்டுதான் சாய்வு. குமிழி இடது பக்கம் தாவினால் குறை கருவியில். முதல் முறை நாம் பார்த்தது சாய்வும் கருவியின் பிழையும் கூடியது. இரண்டாம் முறை சாய்விலிருந்து பிழை கழிந்தது. இரண்டின் சராசரி உண்மையான சாய்வு. வித்தியாசத்தில் பாதி, கருவியின் பிழை. ஆக, பழுதான ரசமட்டத்தை வைத்துக்கொண்டும் சரியான மட்டம் பார்க்கலாம், இரண்டு தடவை வைக்கப் பொறுமை இருந்தால்.

மூலைமட்டத்துக்கும் இதே வித்தை. நேரான ஓரம் உள்ள பிளைவுட்டில் அதன் கட்டையை அணைத்து ஒரு கோடு போடுங்கள். கருவியைக் குப்புறப் புரட்டி, அதே புள்ளியில் இருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் 90 டிகிரி சரி. 300 மில்லிமீட்டர் தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் பிரிந்தால் உண்மையான பிழை அரை மில்லிமீட்டர். பிழையை இரட்டிப்பாக்கிக் காட்டுவதால் கண்ணுக்கு எளிதில் சிக்கும். பென்சிலைவிடக் கூரான பிளேடால் கீறுவது மேல். பென்சில் கோட்டுக்கே அரை மில்லிமீட்டர் அகலம் இருக்கும்.

உளியைத் தீட்டும் சாணைக்கல் நடுவில் குழிவிழுந்தால்? இரண்டு கற்களை ஒன்றோடொன்று தேய்த்தால் இரண்டும் பொருந்திப்போகும். ஆனால் ஒன்று குழிவாகவும் மற்றொன்று குவிவாகவும் இருந்துகொண்டே பொருந்தலாம். மூன்று கற்களை எடுத்து, முதலாவதை இரண்டாவதோடு, இரண்டாவதை மூன்றாவதோடு, மூன்றாவதை முதலாவதோடு என்று மாற்றி மாற்றித் தேய்த்தால் தப்பிக்க வழியில்லை. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த ஒரே வழி, மூன்றும் சமதளமாக இருப்பது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1840 வாக்கில், இரும்புத் தளங்களை மூன்று மூன்றாகச் செதுக்கிச் சமதளமாக்கும் இந்த முறையைத் தொழிலுலகுக்குப் பரப்பினார். எந்த மூலஅளவும் இல்லாமல், ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு சமதளத்தை உண்டாக்க முடிகிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

கொத்தனாரின் டியூப் லெவலையும் சொல்லியாக வேண்டும். மலிவான குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு அறைகளுக்கு நடுவே சுவர் மறைத்தாலும் மட்டம் பார்த்துவிடுவார். லேசர் லெவல் எட்டிப் பார்க்க முடியாத மூலைக்கும் அது போகும். உள்ளே காற்றுக்குமிழி நின்றால் அளவு கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெயிலும் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. 30 டிகிரித் தண்ணீரைவிட 40 டிகிரித் தண்ணீர் 0.35 சதவீதம் லேசானது. குழாயின் ஒரு கால் நிழலிலும் மறுகால் வெயிலிலும் ஒரு மீட்டர் உயரத்துக்கு நின்றால், சூடான பக்கம் மூன்றரை மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். அதாவது ஒரு நூலுக்கு மேல்.

அளவு மில்லிமீட்டரைத் தாண்டி மைக்ரானுக்குப் போகும்போது பால்கனி மேஜை போதாது. அங்கேதான் கிண்டியின் திரு.வி.க. தொழிற்பேட்டை வருகிறது. 1958-ல் தொடங்கிய இந்தத் தொழிற்பேட்டையில் கடைசல், மில்லிங், கிரைண்டிங் என்று சின்னச் சின்னப் பட்டறைகள் நிறைந்திருந்தன. பல மனைகளில் இப்போது கண்ணாடி பதித்த அலுவலகக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. எஞ்சியிருக்கும் லேத் பட்டறைகள் இந்த ஊரின் சொத்து என்று நான் நினைக்கிறேன். ஒரே ஒரு புஷ் கடைந்து தரச் சொல்லிக் கேட்க, நடந்து போகும் தூரத்தில் இடம் இருப்பது எத்தனை ஊருக்கு வாய்க்கும்? மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான பரிசோதனை மையமும் கிண்டியிலேயே இருக்கிறது. அளவுக் கருவிகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை அங்கே நடக்கிறது. நீள அளவுகளுக்கான உலகப் பொதுவெப்பநிலை, 1931-ல் முடிவானபடி, 20 டிகிரி செல்சியஸ். சென்னையில் மார்கழி விடியலில்தான் வெப்பம் அதன் அருகே வரும்.

வீட்டில் வெர்னியர் இருந்தால், அளக்குமுன் தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சில மைக்ரான் இடைவெளி இருந்தாலும் ஒளிக்கீற்று தெரிந்துவிடும். எஃகு வெர்னியரால் எஃகுத் துண்டை 35 டிகிரியில் அளந்தால் பெரிய பாதகமில்லை, இரண்டும் சேர்ந்தே நீளும். அலுமினியம் என்றால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். ஒரு மீட்டர் அலுமினியத்தை எஃகு ஸ்கேலால் அளக்கும்போது 15 டிகிரி வித்தியாசத்துக்கு 0.16 மில்லிமீட்டர் பிழை.

மைக்ரான் எங்கே வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாக, ஸ்கேட்டிங் சக்கரத்தில் வரும் 608 பேரிங்கை ஒரு அலுமினியத் துண்டில் உட்காரவைத்து, சின்னச் சாணைச் சக்கரத்துக்கு அச்சு செய்யப் போகிறோம். பேரிங்கின் வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர். துளை 22.000-க்கும் 22.021-க்கும் நடுவே இருந்தால் விரலால் தள்ளினாலே போகும். 21.980 என்றால் கையால் நடக்காது. சுத்தியலால் அடித்தால் உள்ளே இருக்கும் குண்டுகளின் பாதையில் தழும்பு விழுந்து, பேரிங் அன்றே இரைய ஆரம்பிக்கும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான வித்தியாசம் இது. இறுக்கமாகவே வேண்டும் என்றால் பேரிங்கைப் பாலித்தீன் பையில் நன்றாகச் சுற்றி ஃப்ரீஸரில் ஒரு மணி நேரம் வையுங்கள். பை இல்லாவிட்டால் சென்னைக் காற்றின் ஈரம் முழுக்க அதன்மேல் வியர்த்து, துருவுக்கு வழி செய்யும். அலுமினியத் துண்டைக் கொதிநீரில் போடுங்கள். துளை 33 மைக்ரான் விரியும், பேரிங் 12 மைக்ரான் சுருங்கும். 20 மைக்ரான் இறுக்கம் 25 மைக்ரான் இடைவெளியாக மாறிவிடும். துண்டை எடுத்துச் சட்டென்று துடைத்து, பேரிங்கை நேராக வைத்தால் தானே உள்ளே இறங்கும். ஆறியபின் கையால் அசைக்க முடியாது.

பட்டறைக்குப் போகும்போது "22 எம்எம் துளை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதில் உட்காரப்போகும் பேரிங்கையே கையோடு கொண்டுபோங்கள். தட்டி ஏற்றுவதா, தள்ளி ஏற்றுவதா, சூடு பண்ணி ஏற்றுவதா என்பதையும் சொல்லுங்கள். டர்னர் முதலில் உங்கள் பேரிங்கைத் தன் மைக்ரோமீட்டரில் அளப்பார். பிறகு அதற்குத் துளை போடுவார்.