பண்ணைக்குட்டையும் ஜிலேபிக் கெண்டையும்



மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுவதில்லை என்பர். ஆயினும், மீன் வளர்ப்பவர்க்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவை பல உள. பணி ஓய்வு பெற்றபின், பழைய மாணவர் ஒருவரின் குட்டைக்கரையில் நின்றுதான் இவ்வுண்மையை நான் உணர்ந்தேன்.

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்திற்கு அருகே அவருக்குச் சிறிது நிலம் உண்டு. மரவள்ளிக்கு விலை கிடைக்காத ஓராண்டில் பண்ணைக்குட்டை ஒன்று வெட்டினார். பக்கத்து ஏரியில் பிடித்த ஜிலேபிக் கெண்டைகளை அதில் விட்டு, ஆறு திங்கள் தவிடும் பிண்ணாக்கும் இட்டார். அறுவடையன்று வலையை இழுத்தபோது மீன்கள் ஆயிரக்கணக்கில் துள்ளின. ஆனால் பெரும்பாலானவை விரல் நீளத்தைத் தாண்டவில்லை. வியாபாரி பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். "ஐயா, தீனியில் ஒரு குறையும் வைக்கவில்லையே!" என்று அவர் கலங்கினார். அன்று எனக்கும் விடை தெரியவில்லை. பின்னர் படித்தும் கேட்டும் அறிந்ததையே இன்று உங்களுக்குக் கூறுகிறேன்.

திலேப்பியா என்பது ஆப்பிரிக்க நாட்டு மீன். நம் ஏரிகளில் காணும் இனம் 1952-ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும். ஆதலின் குஞ்சுகள் அழிவது குறைவு. அன்றியும், இரண்டு மூன்று திங்களிலேயே இது இனப்பெருக்கத்திற்குத் தயாராகிவிடும். ஆணும் பெண்ணும் கலந்து வாழும் குட்டையில் கூட்டம் பெருகுகிறது, இரையும் உயிர்வளியும் பங்கிடப்படுகின்றன, ஒன்றும் வளர்வதில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சன்றோ?

நீர்நிலைகளிலும் இதுவே நேர்ந்தது. அமராவதி நீர்த்தேக்கத்தில் பிடிபடும் மீன்களில் பெரும்பங்கு இதுவே ஆயிற்று. நாட்டு மீன்களுக்குத் தீங்கு வரும் என்று கருதி, 1959-இல் இதனைப் பரப்புவது தடை செய்யப்பட்டது.

அப்படியாயின் இம்மீனை வளர்ப்பது தகுமா? தகும், முறை அறிந்து வளர்த்தால் தகும். 1988-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் விஞ்ஞானிகள் ஒரு முயற்சி தொடங்கினர். எகிப்து, கானா, கென்யா, செனெகல் ஆகிய நாடுகளிலிருந்து நைல் திலேப்பியாவைத் திரட்டி, விரைந்து வளர்வனவற்றையே தலைமுறைதோறும் தேர்ந்து இனம் பெருக்கினர். உழவர் நல்ல கதிரை விதைக்கு எடுத்து வைப்பது போன்றதே இது. இவ்வாறு தோன்றிய இனத்தைக் 'கிஃப்ட்' திலேப்பியா என்கிறோம். நம் மாநிலத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூரில், மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நிலையம் இதன் குஞ்சு உற்பத்தியில் ஈடுபட்டது.

ஆண் மீன் பெண்ணைவிட விரைந்து வளரும். ஆதலால் குஞ்சு பொரிப்பகத்தில், முதல் மூன்று வாரங்கள் ஹார்மோன் கலந்த தீனி ஊட்டி, ஏறக்குறைய எல்லாக் குஞ்சுகளையும் ஆணாக்குகின்றனர். இனப்பெருக்கம் அடங்குகிறது; உண்ட இரை உடலாகிறது. ஏறத்தாழ ஆறு திங்களில் மீன் அரைக் கிலோ அளவை எட்டக்கூடும்.

தீனிக் கணக்கும் எளிது. 3000 மீன்கள், சராசரி 100 கிராம் எனில், மொத்த எடை 300 கிலோ. அதில் நூற்றுக்கு மூன்று பங்கு என்றால் நாளொன்றுக்கு 9 கிலோ தீனி. மிகுதியாக இட்டால் அது அழுகி நீரைக் கெடுக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவித்தால், நீரில் உயிர்வளி குறைந்தது என்று அறிக. குளிரும் இதற்கு ஆகாது. ஆதலின் வெள்ளிமலை போன்ற மேட்டுப்பகுதியில் வளர்ப்போர், கோடையில் குஞ்சு விட்டு, மார்கழிப் பனிக்கு முன் பிடித்துவிடுவது நன்று.

இத்தொழிலை ஊக்குவிக்க அரசின் உதவியும் உண்டு. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தார், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு வரை மானியம் வகுத்தது. கல்வராயன் மலைவாழ் மக்கள் இத்தகைய உதவிகளை அறிந்து பயன்பெற வேண்டும். ஆனால் திலேப்பியா வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும் என்பதை மறவாதீர்.

அனுமதி ஏன்? அன்று என் மாணவர் அந்தச் சிறு மீன்களை ஓடையில் கொட்டிவிட எண்ணினார். நான் தடுத்தேன். அவ்வோடை கோமுகியில் சேர்கிறது. கோமுகி மணிமுத்தாற்றிலும், அது வெள்ளாற்றிலும் கலக்கின்றன. ஒருவர் குட்டையில் நேர்ந்த பிழை, வழியெங்கும் உள்ள விராலுக்கும் கெளுத்திக்கும், அவற்றை நம்பிய வலைஞருக்கும் கேடாகலாம் அல்லவா? அவர் சற்று நேரம் பேசாது நின்றார். பின் அவற்றைக் கருவாடாக்கினார்.

மறுமுறை அனுமதி பெற்று, ஆண் குஞ்சுகளை வாங்கி, வடிகாலுக்கு நுண்வலை கட்டி வளர்த்தார். அவ்வாண்டு வியாபாரி வெறுங்கையுடன் திரும்பவில்லை.

மாணவர்களே, ஒரு தொழில் வளர முதல் மட்டும் போதாது. அறிவும் வேண்டும், அயலார் நலம் கருதும் பொறுப்பும் வேண்டும். உங்கள் ஊரில் புதிதாகக் குட்டை வெட்டுவோரிடம், "குஞ்சு எங்கே வாங்கினீர்கள்? மழைநீர் எவ்வழியே வெளியேறும்?" என்று பணிவுடன் கேளுங்கள். என்னைப் போல் காலம் கடந்து விடை தேடும் நிலை உங்களுக்கு வேண்டாம்.