உருவப்பட்ட பக்கம்

ஒரு மருந்துக்கடை. கடைக்குள்ளே ஒரு மேசை. மேசையைச் சுற்றி ஊர்ப் பெரியதனக்காரர்கள். டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த 24 வயது வாத்தியாரை ஆள்விட்டு அழைத்து வருகிறார்கள். பிள்ளைகளுக்கு உயிர்நூல் பாடத்தை இந்தப் புத்தகத்தைக் கொண்டுதானே நடத்தினாய் என்று கேட்கிறார்கள். ஆம் என்கிறார். அப்படியானால் நீ சட்டத்தை மீறிய குற்றவாளி, உன்மேல் வழக்குத் தொடுக்கலாமா என்கிறார்கள். தொடுங்கள் என்கிறார்!

நாடகக் காட்சி அல்ல, தோழர்களே! 1925ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்க நாட்டின் டென்னசி மாநிலத்திலே, டேட்டன் என்ற சிற்றூரிலே நடந்தது. வாத்தியாரின் பெயர் ஜான் ஸ்கோப்ஸ். கொலை செய்தாரா? கொள்ளையடித்தாரா? இல்லை. மனிதன், தனக்கு முன்பிருந்த உயிர்களிலிருந்து படிப்படியாக வளர்ந்து வந்தவன் என்று கூறும் பாடத்தை நடத்தினார் என்பதே குற்றச்சாட்டு. அதே ஆண்டு மார்ச்சு மாதம் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. ஜான் பட்லர் என்ற விவசாயி, சட்டமன்ற உறுப்பினர், கொண்டுவந்த சட்டம். பைபிளில் உள்ள படைப்புக் கதையை மறுத்து, மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து வந்தான் என்று அரசுப் பணத்தில் நடக்கும் எந்தப் பள்ளியிலும் போதிக்கலாகாது. மீறினால் 100 முதல் 500 டாலர் வரை அபராதம்!

வேடிக்கை அதுவன்று. எந்தப் புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்தினாரோ, அந்தப் புத்தகம் ஏதோ சந்து முனையில் விற்ற துண்டு வெளியீடு அல்ல. மாநில அரசே பாடநூலாகத் தேர்ந்தெடுத்த புத்தகம். அதை விற்றது எங்கே? அந்த மருந்துக்கடையிலேயே! கடைக்காரர் யார்? பள்ளி வாரியத்தின் தலைவர்! ஏட்டைக் கையிலே கொடுப்பதும் அரசு, படித்துக் காட்டினால் கூண்டிலே ஏற்றுவதும் அரசு. சோற்றை இலையில் போட்டுவிட்டு, கை வைத்தவன் கையில் விலங்கு பூட்டும் விருந்தை வேறெங்கு கண்டோம்?

அந்த ஊராருக்கு வாத்தியார்மேல் பகை ஏதும் இல்லை. சட்டத்தை எதிர்த்து நிற்க முன்வரும் ஆசிரியருக்குத் துணைநிற்போம் என்று அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கம் பத்திரிகையில் அறிவித்திருந்தது. வழக்கு நம் ஊரில் நடந்தால் நாலு பேர் வருவார்கள், வாடிய வணிகம் தழைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு தப்பவில்லை. நிருபர்கள் வந்தார்கள், தந்திகள் பறந்தன, சிகாகோவிலிருந்து வந்த வானொலி நிலையம் வழக்கை நேரடியாக ஒலிபரப்பியது. சிம்பன்சிக் குரங்குகளைக்கூடக் கொண்டுவந்து காட்டினார்கள். திருவிழாவுக்கு யானை வேண்டாமா!

வழக்காட வந்தவர்கள் இருவர். அவர்களைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

அரசுத் தரப்பில் வந்தவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். 1896, 1900, 1908 ஆகிய மூன்று முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றவர். வெளிநாட்டு அமைச்சராக இருந்து, போர்ப் பாதையில் நாடு போகிறதென்று 1915இல் பதவியை உதறியவர். வங்கி முதலாளிகளை எதிர்த்து ஏழை விவசாயிக்காகக் குரல் கொடுத்த நாவலர். இப்படிப்பட்டவரை மூடர் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. நாம் அதைச் செய்யமாட்டோம். வலியவன் வாழ்வான், எளியவன் மாள்வான், இதுவே இயற்கையின் நீதி என்று டார்வினின் பெயரைச் சொல்லிச் சுரண்டல்காரர்களும் போர்வெறியர்களும் கொக்கரித்த காலம் அது. அதைக் கேட்டுப் பிரையனின் நெஞ்சு கொதித்தது. கொதித்தது சரி. ஆனால் அடித்தது யாரை? திருடன் ஏணிவைத்து ஏறினான் என்பதற்காக ஏணி செய்த தச்சனைப் பிடித்து அடைத்தது போலாயிற்று!

எதிர்த்தரப்பில் கிளாரன்ஸ் டாரோ. ரயில்வே கம்பெனிக்கு வக்கீலாக இருந்தவர். 1894இல் புல்மன் ரயில் வேலைநிறுத்தம் வெடித்து, தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸ் மீது வழக்குப் பாய்ந்தபோது, கம்பெனி வேலையை உதறிவிட்டுத் தொழிலாளியின் பக்கம் வந்து நின்றவர். ரயில்வே தோழர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வழக்கிலே சிக்கிய புத்தகத்தைப்பற்றியும் ஒன்று சொல்லியாகவேண்டும். மறைத்தால் நாம் நேர்மையாளர் ஆகமாட்டோம். அந்தப் பாடநூல் பரிணாமத்தைச் சொன்னது. கூடவே மனித இனங்களை ஐந்தாகப் பிரித்து, வெள்ளையரை உச்சியிலே உட்கார வைத்தது. அறிவு குன்றியோரும் குற்றவாளிகளும் பெருகவிடாமல் தடுக்கவேண்டும் என்றும் எழுதியது. வருணாசிரமத்துக்கு விஞ்ஞானச் சட்டை மாட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி! பின்னாளில் அந்தச் சட்டையைக் கிழித்தது எது? பைபிளா? இல்லை. அதே உயிர்நூல்தான். மனிதர் அனைவரும் ஆப்பிரிக்க மண்ணில் தோன்றிய ஒரே குடியின் வழிவந்தோர் என்று மரபணு ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. விஞ்ஞானி தவறு செய்வான். தவறென்று காட்டினால் திருத்திக்கொள்ளும் வழி அவன் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. மந்திரிக்கு அந்த வழி இல்லை. மடாதிபதிக்கோ அப்படியொரு வழி உண்டென்பதே தெரியாது.

சரி, அப்படி என்னதான் சொல்கிறது பரிணாமம்? 'என் பாட்டன் குரங்கா?' என்று மீசை துடிக்கக் கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். குரங்கு நமக்குப் பாட்டன் அல்ல ஐயா, பங்காளி! ஒரே பூட்டனிடமிருந்து பிரிந்த இரண்டு கிளை. பங்காளி வீட்டில் பிறந்த பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாக மாறவில்லையே என்று யாராவது கேட்பார்களா? அதுபோலத்தான், இப்போதுள்ள குரங்கு ஏன் மனிதனாக மாறவில்லை என்ற கேள்வியும். டார்வின் 1859இல் தன் நூலை வெளியிடுமுன் ஆண்டுக் கணக்கில் புறா வளர்த்துப் பார்த்தவர். வேண்டிய சாயலுள்ள புறாவை மனிதன் பொறுக்கி இணைசேர்த்துச் சில தலைமுறையிலேயே உருவத்தை மாற்றிவிடுகிறான். பொறுக்கும் வேலையை வறட்சியும் பசியும் குளிரும் கோடிக்கணக்கான ஆண்டு செய்தால் என்ன ஆகும் என்று கேட்டார். விதைநெல்லுக்கு நல்ல கதிரைத் தனியே எடுத்துவைக்கும் உழவனுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். கடலிலே நீந்தும் திமிங்கலத்தின் உடலுக்குள் இடுப்பெலும்பின் மிச்சம் இருக்கிறது. கால் இல்லாத பிராணிக்கு இடுப்பெலும்பு எதற்கு? நடந்து திரிந்த மூதாதையின் சொத்துப் பத்திரம் அது. டி.டி.டி. மருந்தைத் தெளித்தோம், கொசு செத்தது. சாகாமல் தப்பிய சிலவற்றின் சந்ததி பெருகியது, மருந்து பலிக்காமல் போயிற்று. பரிணாமம் அருங்காட்சியகத்தில் மட்டும் இல்லை, நம் வீட்டுச் சாக்கடையிலும் நடக்கிறது.

இந்தச் சான்றுகளை எடுத்துரைக்க விஞ்ஞானிகள் டேட்டனுக்கு வந்தார்கள். ஜூரர்கள் முன் பேசவிட்டாரா நீதிபதி? விடவில்லை! பரிணாமம் மெய்யா பொய்யா என்பது வழக்கல்ல, வாத்தியார் நடத்தினாரா இல்லையா என்பதே வழக்கு என்றார். டாரோ பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீலான பிரையனையே, பைபிள் அறிந்தவர் என்ற முறையிலே சாட்சியாக அழைத்தார். ஜூலை 20, கடும் வெயில்; மன்றத்துக்கு வெளியே புல்வெளியிலே மேடை. யோனாவை மீன் விழுங்கியது எப்படி, யோசுவா சூரியனை நிறுத்தியது எப்படி என்று கேள்விமேல் கேள்வி. படைப்பின் ஆறு நாட்கள் இருபத்து நான்கு மணி நேர நாட்களாக இருக்கவேண்டியதில்லை என்று பிரையன் ஒப்புக்கொண்டார். எழுத்துக்கு எழுத்து உண்மை என்றவரே பொருள் விரித்துக் கொள்ளலாம் என்றாரானால், அந்த உரிமை பள்ளிக்கூட வாத்தியாருக்கு மட்டும் ஏன் இல்லை?

மறுநாள் தீர்ப்பு. ஜூரர்கள் கலந்து பேச எடுத்துக்கொண்ட நேரம் ஒன்பது நிமிடம்! குற்றவாளி, 100 டாலர் அபராதம். ஐந்து நாள் கழித்து, டேட்டனிலேயே, தூக்கத்திலே உயிர் நீத்தார் பிரையன். 1927இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அபராதத் தொகையை ஜூரர்கள் குறிக்காமல் நீதிபதி குறித்தது தவறு என்று சொல்லித் தண்டனையை மட்டும் நீக்கியது. டாரோ மேல்முறையீட்டுக்குப் போக வாசலே இல்லாமல் அடைத்துவிட்ட சாமர்த்தியம்!

வென்றது யார்? நகரத்து ஏடுகள் பிரையனை எள்ளி நகையாடின. பகுத்தறிவு வென்றது என்று பாராட்டு மழை. நாமும் அங்கே இருந்திருந்தால் கைதட்டியிருப்போம். ஆனால், தோழர்களே, கைதட்டல் ஓய்ந்த பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் நாம் கவனிக்கவேண்டிய இடம். புத்தகம் அச்சிடுவோர் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்கள். மிசிசிப்பி 1926இல் தடை போட்டது. ஆர்க்கன்சா 1928இல் பொதுமக்கள் வாக்கெடுப்பின் மூலமே தடை போட்டது. தென் மாநிலங்களில் புத்தகம் விற்க வேண்டுமே! வழக்கில் சிக்கிய அதே பாடநூல் 1926இல் புதுப் பதிப்பாக வந்தபோது பரிணாமப் பகுதி வெட்டிக் குறைக்கப்பட்டிருந்தது. மற்றவர்களும் அதே வழி. கைது இல்லை, கூண்டு இல்லை, புல்வெளி இல்லை, டாரோ இல்லை. பக்கம் மட்டும் இல்லாமல் போயிற்று. ஏறக்குறைய ஒரு தலைமுறை, தன்னிடமிருந்து எது பறிக்கப்பட்டது என்பதே தெரியாமல் தேர்வு எழுதித் தேறி வெளியே வந்தது.

எழுப்பியது எது? சோவியத் நாட்டு ஸ்புட்னிக்! 1957 அக்டோபரில் அது வானிலே வலம் வந்ததும், விஞ்ஞானக் கல்வியில் பின்தங்கிவிட்டோமே என்று அமெரிக்கா அலறியது. அரசுப் பணத்தில் விஞ்ஞானிகளே எழுதிய புதிய உயிர்நூல் பாடநூல்கள் 1960களில் வந்தன. பரிணாமம் திரும்பி வந்தது. உடனே பழைய கூத்து மறுபடியும்! ஆர்க்கன்சாவில் லிட்டில் ராக் நகரப் பள்ளியில் சூசன் எப்பர்சன் என்ற இளம் ஆசிரியை கையில் 1965இல் புதிய பாடநூல் கொடுக்கப்பட்டது. நடத்தினால் சட்டப்படி குற்றம், நடத்தாவிட்டால் கடமை தவறல். வழக்குத் தொடுத்தார். பக்தியுள்ள கிறித்துவக் குடும்பத்துப் பெண் அவர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்; இது கோயிலுக்குப் போகிறவனுக்கும் போகாதவனுக்கும் நடந்த சண்டை அல்ல. 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தடைச் சட்டத்தைச் செல்லாதென்றது. டென்னசி அதற்கு ஓராண்டு முன்பே தன் சட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டது.

தடை போனது, வேடம் வந்தது. படைப்புக் கதைக்குப் 'படைப்பு விஞ்ஞானம்' என்று பெயர் சூட்டி, பரிணாமத்துக்கு ஒரு மணி என்றால் எங்களுக்கும் ஒரு மணி என்று லூசியானா மாநிலம் 1981இல் சட்டம் செய்தது. கேட்பதற்கு எவ்வளவு நியாயம்! இரு தரப்பையும் சொல்லுங்கள் என்றுதானே கேட்கிறார்கள்? ஆலையிலே கொதிகலனின் அழுத்தம் எவ்வளவு என்று இருவர் தகராறு செய்தால், அளவுமானியின் முள்ளைப் பார்ப்போமா, இருவருக்கும் பேச ஆளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவோமா? ஒதுக்கினால் கொதிகலன் காத்திருக்குமா? 1987இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையும் தள்ளியது.

பிறகு வந்தது 'அறிவார்ந்த வடிவமைப்பு'. கடவுள் என்று சொல்லாமல், யாரோ ஒரு வடிவமைப்பாளர் என்பார்கள். பென்சில்வேனியாவில் டோவர் ஊர்ப் பள்ளி வாரியம், ஒன்பதாம் வகுப்பில் இதைப்பற்றிய அறிக்கை ஒன்றைப் படிக்கச் சொல்லி ஆணையிட்டது. விஞ்ஞான ஆசிரியர்கள் படிக்க மறுத்தார்கள். பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கிலே மாட்டியது ஒரு புத்தகத்தின் பழைய கைப்பிரதிகள். 1987 தீர்ப்புக்கு முன் 'படைப்புவாதிகள்' என்று இருந்த இடத்தில், தீர்ப்புக்குப் பின் 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று மாற்றியிருந்தார்கள். ஓரிடத்தில் அவசரம்! பழைய சொல்லின் தலையும் வாலும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்க, நடுவிலே புதிய சொல் நுழைந்து நின்றது. மீசையை மழித்த திருடன் ஒரு பக்கத்தை மறந்துவிட்டான்! 2005 டிசம்பர் 20ஆம் நாள், குடியரசுக் கட்சித் தலைவரால் நியமிக்கப்பட்ட நீதிபதி ஜான் ஜோன்ஸ், இது விஞ்ஞானம் அல்ல, மதம் என்று தீர்ப்பளித்தார். அதற்கு முந்திய மாதமே டோவர் மக்கள் அந்த வாரியத்தாரைத் தேர்தலில் தோற்கடித்து அனுப்பியிருந்தனர்.

நமக்கேன் அமெரிக்கக் கதை என்பீர்கள். 2018 சனவரியில் இந்திய ஒன்றியத்தின் கல்வித் துறை இணை அமைச்சர் ஒருவர், டார்வின் சொன்னது தவறு, குரங்கு மனிதனானதை நம் முன்னோர் எவரும் கண்டதாகச் சொல்லவில்லை, பாடத்தை மாற்றவேண்டும் என்று பேசினார். கண்ட சாட்சி வேண்டுமாம்! அவருடைய கொள்ளுப்பாட்டனின் பாட்டன் பிறந்ததைக் கண்டவர் யார் என்று நாம் கேட்கமாட்டோம்; மரியாதை தெரியும். நாடெங்கும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியது.

பிறகு, பெருந்தொற்றுக் காலம். பிள்ளைகளின் சுமையைக் குறைக்கிறோம் என்றது ஒன்றியத்தின் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கழகம். பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபுவழியும் பரிணாமமும்' என்று ஒரு பாடம் இருந்தது. 2023இல் அச்சாகி வந்த நூலில் அது 'மரபுவழி' ஆகியிருந்தது. ஒரு சொல் குறைந்தது. கூடவே டார்வின் போனார். 1800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டனம் தெரிவித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்று பதில் வந்தது.

இருக்கிறது. யாருக்கு? உயிரியலை விருப்பப் பாடமாக எடுத்து, பன்னிரண்டு வரை படிக்க வசதியுள்ள பிள்ளைக்கு! பத்தோடு ஐ.டி.ஐ.க்குப் போகிறவனுக்கு? பட்டறைக்குப் போகிறவனுக்கு? கணக்குப் பதிவியல் எடுப்பவளுக்கு? அவர்களுக்குப் பத்தாம் வகுப்புதான் உயிர்நூலின் கடைசி வாசல். அந்த வாசலிலே பூட்டிவிட்டு, மாடியிலே சன்னல் திறந்திருக்கிறது பார் என்றால் என்ன பொருள்?

2019இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று தனிப் பாடமே இடம்பெற்றது. இன்றிரவு வேலை முடிந்து வீடு திரும்பும் தோழர், பிள்ளையின் பையிலிருந்து அறிவியல் புத்தகத்தை எடுத்து, கையில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துவிட்டு, பொருளடக்கத்தைப் பிள்ளையையே படித்துக்காட்டச் சொல்லட்டும். அந்தத் தலைப்பு வருகிறதா என்று கேட்கட்டும்.