தட்டுக்கு ஏற்ற கை

இராஜபாளையத்திலிருந்து சேத்தூர் வழியாகத் தெற்கே செல்லும் சாலை போய்ச் சேரும் செங்கோட்டையில் 1906-ல் பிறந்து, இருபத்தேழு வயதிலேயே மறைந்துபோன எஸ். ஜி. கிட்டப்பாவின் சாரீரம் நமக்கு இன்று மிஞ்சியிருப்பது, நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டுகளின் புண்ணியத்தினாலேயாம். அதே சாலையின் வடபால் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த ஆண்டாளின் திருப்பாவையோ, அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் மெட்டமைக்க, எம். எல். வசந்தகுமாரி பாட, 33⅓ சுற்றுச் சுழலும் நெடுந்தட்டில் ஏறி வீடுதோறும் ஒலித்தது. இவ்விரண்டு வகைத் தட்டுகளையும் பேணிவரும் இவ்வட்டாரத்து ரசிகர் ஒருவர், கையில்லாமலே விற்பனைக்கு வந்த காரார்டு 301 அல்லது தோரன்ஸ் டிடி 124 போன்றதொரு பழைய சுழல்மேடையைத் தேடிப்பிடித்துப் பழுதுபார்த்தும் விட்டாரென்றால், அதற்கு டோன் ஆர்ம் எனப்படும் எந்தக் கையைப் பொருத்துவது என்ற வினா அவர் எதிரே வந்து நிற்கும்.

சாவி கொடுத்து ஓட்டும் பழைய கிராமபோனில் கை என்பது ஒலி செல்லும் குழாயாகவும் இருந்தது. நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரத்தோடு எஃகு முள் தட்டின்மேல் அழுந்தி ஓடிற்று. மின்சார யந்திரத்தில் நிலைமை வேறு. கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு பெட்டியை முனையிலே தாங்கி, பின்புறத்து எடையினால் சமன் செய்யப்பட்டு, கிணற்றடித் துலாவைப் போல ஓர் ஆதாரத்தின்மேல் அசையும் கை, இரண்டு கிராம் அளவே பாரத்தை முள்ளின்மேல் வைக்கிறது. பள்ளத்தின் சுவர்களால் முள் நடுங்கும்போது கை அசையாதிருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் நெளிந்துபோன தட்டு மேடும் பள்ளமுமாய்ச் சுற்றும்போதோ, உடனுக்குடன் எழுந்து தாழ வேண்டும். ஒன்றுக்கொன்று விரோதமான இவ்விரு கடமைகளையும் நிறைவேற்றும் சூட்சுமம் கையின் கனத்திலே அடங்கியிருக்கிறது.

முள்ளைத் தாங்கும் நுண்ணிய தண்டு ரப்பரில் ஊன்றி நின்று சுருள்வில்லின் வேலையைச் செய்ய, கையும் கார்ட்ரிட்ஜும் அதன்மேல் ஏறிய பாரமாகி, யாவும் சேர்ந்து தமக்கென ஓர் இயல்பான அதிர்வைக் கொள்கின்றன. அவ்வதிர்வு விநாடிக்கு 8 முதல் 12 வரை அமைவது உத்தமம். அதனினும் மிகத் தாழ்ந்தால் தட்டின் நெளிவுகள் கையைத் தூக்கி ஆட்டும். 20-ஐ நெருங்கினாலோ சங்கீதத்தின் கீழ்நாதங்களே கலங்கிப்போம். ஆகையால், ஜப்பானிய வானொலியின் உபயோகத்துக்கென 1960-களில் உருவான டெனான் டிஎல் 103 போன்று விறைப்பான கார்ட்ரிட்ஜுக்குக் கனத்த கையும், ஷூர் வி 15 போன்று நெகிழ்ந்து கொடுப்பதற்கு லகுவான கையும் வேண்டும். இவற்றை மாற்றிப் பொருத்தினால், எத்தனை விலை கொடுத்து வாங்கிய கையானாலும் பிரயோஜனமில்லை.

அடுத்தது நீளம். தட்டில் பள்ளம் வெட்டும் யந்திரம் நேர்கோட்டில் நகர்ந்திருக்க, அதை வாசிக்கும் கையோ வளைகோட்டில் நகர்வதால், முள் நிற்கும் கோணம் சற்றுப் பிசகுகிறது. தலையைக் கோணலாக வைத்தும், முள்ளைத் தட்டின் மையத்துக்கு அப்பால் சிறிது நீட்டியும் இப்பிசகைக் குறைக்கும் கணக்கை லோஃப்கிரன் என்பவர் 1938-ல் வகுத்தார். ஒன்பது அங்குலக் கையைவிடப் பன்னிரண்டு அங்குலக் கையில் பிசகு குறைவே. எனினும் அதன் கனம் கூடும், அதைத் தாங்க அகன்ற மரப்பீடமும் வேண்டும். பழைய மேடைக்குத் தச்சரைக் கொண்டு புதுப் பீடம் செய்விக்க எண்ணுகிறவர் மட்டும் நீண்ட கையை நாடலாம்.

கையின் ஆதாரத்துக்கும் தட்டின் மையத்துக்கும் உள்ள தூரம் கைக்குக் கை வேறுபடும். இங்கிலாந்தின் எஸ்எம்இ நிறுவனம் 1959-ல் வெளியிட்ட கைகளில் அடிப்பாகத்தையே முன்பின் நகர்த்திக்கொள்ளலாம். 1983-ல் வந்த ரேகா ஆர்பி 300-லோ 222 மில்லிமீட்டர் என்ற தூரம் பிசகாமல் துளையிட வேண்டும். பின்னதன் தலை கையோடு ஒன்றாய் வார்க்கப்பட்டது, உறுதியில் சிறந்தது, நெடுந்தட்டு மட்டுமே வைத்திருப்பவருக்கு மிகவும் ஏற்றது.

ஆயின் நம் ரசிகரின் நிலை அதுவன்று. 78 தட்டின் அகன்ற பள்ளத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுள்ள முள் வேண்டும். நெடுந்தட்டுக்கோ ஒரு பங்கு, அல்லது அதிலும் குறைவு. சிறு முள் அகன்ற பள்ளத்தில் இறங்கினால் அடியில் உராய்ந்து இரைச்சலையே தரும். பெரு முள் நெடுந்தட்டில் ஏறினால் தட்டே பாழாகும். எனவே கழற்றி மாட்டக்கூடிய தலையும், எளிதில் மாற்றத்தக்க பாரமும், ஏற்றி இறக்கத்தக்க உயரமும் உடைய கையே அவருக்கு உகந்தது. இரண்டு தலைகளில் இரண்டு கார்ட்ரிட்ஜுகளை ஆயத்தமாக வைத்துக்கொண்டால், கிட்டப்பாவுக்கு ஒன்றும் வசந்தகுமாரிக்கு ஒன்றுமாக மாட்டிக்கொள்ளலாம்.

ஆகவே கையைத் தேடிப் புறப்படுமுன் அலமாரியைத் திறந்து, எவ்வகைத் தட்டு எத்தனை இருக்கிறதென்று பார்த்துவிடுவது விவேகம். தட்டு முள்ளைத் தீர்மானிக்கட்டும். முள் கார்ட்ரிட்ஜையும், கார்ட்ரிட்ஜ் கையின் கனத்தையும், மேடை அதன் நீளத்தையும் தீர்மானிக்கட்டும். இவ்வரிசையைத் தலைகீழாக்கி, பெயர்பெற்ற கையை முதலில் வாங்கிவிட்டு அதற்கு இசைந்த கார்ட்ரிட்ஜைப் பின்னர் தேடுகிறவர், பெரும்பாலும் ஒரே செலவை இருமுறை செய்ய நேரிடும்.