சைக்கிள் சீற் உங்களுக்குப் பொருந்தட்டும்

கிடைத்ததோடு நம்மைப் பொருத்திக்கொள்வது இடம்பெயர்ந்த மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. கிடைத்த கூடாரம், கிடைத்த மண்வெட்டி, கிடைத்த காணித்துண்டு. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய மக்கள், தம் வீட்டுச் சாமான்களைச் சைக்கிளில் கட்டித் தள்ளிச் சென்றார்கள். இங்கே ஊவாவில், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது அதற்கும் அவகாசம் கிடைக்கவில்லை.

எல்லாம் இழந்த குடும்பத்துக்கு யாரோ கொடுத்த பழைய சைக்கிள் பெரிய சொத்து. ஆனால் அதன் தோல் சீற் வேறொருவருடைய உடலுக்கு அமைந்தது. அப்படியே ஓட்டினால் முழங்காலும் இடுப்பும் நோகும், வேலைநாளும் கெடும்.

முதலில் உயரம். சுவரில் கை ஊன்றி, சீற்றில் ஏறி உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிக்காலை அதன்மேல் வையுங்கள். இடுப்புச் சாயாமல் கால் நேராக நீண்டால் உயரம் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கும். சீற்றைத் தாங்கும் குழாய் இரண்டரை அங்குலமாவது பிரேமுக்குள் இருக்கவேண்டும். தகப்பனும் மகளும் ஒரே வண்டியை ஓட்டுகிறார்களா? இருவருக்கும் உரிய உயரத்தைக் குழாயில் பெயின்ரால் கோடிட்டு வையுங்கள்.

அடுத்தது சாய்வு. உடல் பாரத்தில் தோலின் நடுப்பகுதி பதியும். ஆகவே சீற்றின் மூக்கு மட்டமாக, அல்லது சற்றே உயர்ந்து இருக்கட்டும். அது கீழே சாய்ந்தால் பசறை, ஹாலி-எல இறக்கங்களில் உடல் முன்னே வழுக்கி, பாரமெல்லாம் கைகளில் விழும்.

பின்னர் தோலின் இறுக்கம். பல தோல் சீற்றுகளில் மூக்கின் அடியில் ஒரு நட் உண்டு. தோல் தொய்ந்திருந்தால் மட்டும் அதைக் கால் சுற்றுத் திருகி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். ஒரேயடியாக முறுக்கினால் ஆணி அறைந்த இடத்தில் தோல் கிழியும்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பதுளையில் மழை அதிகம். சீற்றைப் பொலித்தீன் பையால் மூடுங்கள். நனைந்த தோலில் உட்கார்ந்து ஓட்டினால் அது தொய்ந்துவிடும். அடுப்பருகில் வைக்காமல் நிழலில் காயவிடுங்கள். எண்ணெயில் ஊறவைக்கவும் வேண்டாம், தோல் இளகிவிடும்.

தானமாகக் கிடைத்த வண்டி என்பதற்காக வலியையும் சேர்த்து ஏற்கவேண்டியதில்லை. ஒரு ஸ்பானரும் கால் மணி நேரமும் போதும். ஞாயிறு பூசை முடிந்ததும் உங்கள் வண்டியைப் பாருங்கள். அப்படியே அயல்வீட்டாரின் வண்டியையும் பாருங்கள்.