பாலத்து லோரியும் டவர்கள் மாற்றும் சாவியும்

பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தில் சரக்கேற்றி, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போகும் லோரி பினாங்குப் பாலத்தில் ஏறுகிறது. 1985-இல் திறந்த பாலம், நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கடலுக்கு மேலே. டிரைவரின் கண் முன்னால் போகும் மோட்டார்சைக்கிள் மேல். டேஷ்போர்டுக்கு அடியில் சிம் கார்டு செருகிய டிராக்கர் பெட்டி அடிக்கும் கூத்து அவருக்கு எங்கே தெரியப்போகிறது? வாருங்கள், எட்டிப் பார்ப்போம்!

மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 22 மீட்டர். பெட்டி சும்மா இருக்காது. "இந்த டவர் மங்குது, பக்கத்து டவர் கணீர்னு கேக்குது" என்று அளந்து சொல்லிக்கொண்டே வரும். கடலில் மறைக்கக் கட்டடம் ஏது? தீவுப் பக்கமும் பட்டர்வொர்த் பக்கமும் சேர்ந்தே கேட்கும். பாலத்துக்குப் பதில் பெர்ரி ஏறினால், சிக்னல் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து பாருங்கள். 'பி.சி.ஐ.' என்று டவரின் அடையாள எண் இருக்கும். 5ஜி-யில் உலகத்துக்கே மொத்தம் 1,008 எண்கள்தான். அவற்றையேதான் எல்லா ஊரிலும் திருப்பித் திருப்பிப் பயன்படுத்துகிறார்கள். அந்த எண் சட்டென்று மாறினால், உங்களை வேறு டவருக்குக் கைமாற்றிவிட்டார்கள்! இந்த வேடிக்கைக்காக நான் கடலைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

இனிதான் அசல் விருந்து. பழைய டவர், பெட்டியோடு பேசும் பேச்சைப் பூட்டத் தன்னிடமுள்ள 256 பிட் சாவியோடு புது டவரின் பி.சி.ஐ. எண்ணையும் அலைவரிசையையும் சேர்த்து அரைத்து, புதுச் சாவி ஒன்றை எடுத்து அடுத்த டவருக்குக் கொடுக்கிறது. அதே கணக்கைப் பெட்டியும் தனியாகப் போட்டு அதே சாவியை அடைகிறது. சாவி காற்றில் பறப்பதே இல்லை. போவது 0 முதல் 7 வரையிலான ஒரு குட்டி எண் மட்டும்! அரைத்த மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாததுபோல், புது டவரால் பழைய சாவியைக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, புதுச் சாவி பழைய டவருக்குத் தெரியுமே? தெரியும்! அதனால்தான் கைமாறியவுடன் நெட்வொர்க்கின் மையத்திலிருந்து புது டவருக்குப் புத்தம்புது விதை ஒன்று வந்து சேர்கிறது. அடுத்த தாவலில் சாவி அதிலிருந்து பிறக்கும். இரண்டு தாவலில் முதல் டவருக்கு எல்லாமே இருட்டு. என்ன கெட்டிக்காரத்தனம்!

ஆனால் ஓர் ஓட்டை. "நான் இன்ன டவர்" என்று டவர் கூவுவதில் கையெழுத்து கிடையாது. ஒருவன் போலிக் கருவி வைத்து, பக்கத்து டவரின் எண்ணைக் காப்பியடித்து உரக்கக் கூவினால், பெட்டி கேட்டதைக் கேட்டபடி நேர்மையாகச் சொல்லும். டவரும் நம்பி அனுப்பிவைக்கும். சாவி திருடனுக்குக் கிடைக்காதுதான், இணைப்பு அறுந்துவிடும். இதை 2021-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாக ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். 2ஜி காலத்திலிருந்தே உள்ள பலவீனமாம். போலி டவர் ஏதோ ஆய்வுக்கூடச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். மலேசியாவிலேயே 2024-இல், அதைக் காரில் வைத்துச் சுற்றி மோசடி எஸ்எம்எஸ் அனுப்பியவர்கள் பிடிபட்டார்கள்.

இதில் பெரிய தமாஷ், வண்டிக்கு வண்டி நேரடியாகப் பேசும் தொழில்நுட்பத்தில் ஒவ்வொரு செய்திக்கும் டிஜிட்டல் கையெழுத்து உண்டு. லோரி கையெழுத்துப் போடுகிறது, டவர் போடவில்லை! டவரையும் போடவைக்கலாமா என்று தர அமைப்பான 3ஜிபிபி ஆராய்ந்திருக்கிறது. அப்படிச் செய்தால் அதைச் சரிபார்க்கும் சாவி எல்லா சிம்முக்கும் போய்ச் சேர வேண்டும். பினாங்குத் துறைமுகத்துக்குத் தென் தாய்லாந்துச் சரக்கும் வருகிறதே, அந்த லோரிகளின் தாய்லாந்து சிம்முக்கு நம் டவரின் சாவியை யார் கொண்டுபோய்க் கொடுப்பது?